மூன்று முறை கழுவி வந்த தட்டு

1

ஒரு நாயின் உடல்நலம் குறித்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. ஜெர்மன் மொழியில், பிழையில்லாத இலக்கணத்தோடு. "எங்கள் புரூனோ இப்போது நலம். இரண்டு நாள் வெறும் சோறு மட்டும் கொடுக்கும்படி மருத்துவர் சொன்னார். நீங்கள் இதற்காக மனம் வருந்த வேண்டாம்."

அதுவரை நான் வருந்தியிருக்கவில்லை. பூங்காவில் பக்கத்து மேசைக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்த மீன் வறுவல் முழுவதையும் மேசைக்கு அடியில் இருந்த புரூனோதான் சாப்பிட்டது என்பதே அந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு அது விடாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். வெயில் அதிகம், பாவம் வாயில்லா ஜீவன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பிரான்சிஸ். ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார், நானும் அதே துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்தேன், பிறகு படித்து முன்னேறி ஜெர்மனியின் வடக்கே இன்னொரு துறைமுக நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். கப்பலில் எந்தப் பெட்டியின் மேல் எந்தப் பெட்டியை அடுக்குவது என்று கணினியில் பார்த்துச் சொல்வது வேலை. இங்கே வந்து பதினோரு வருடம். மனைவி லில்லி, மகள் ஜெனி. ஜெனிக்குப் பன்னிரண்டு வயது. இந்தக் குறிப்புகள் முழுக்க அவளைப் பற்றியவைதான், நடுவில் நாய் வந்துவிட்டது.

2

இங்கே பூங்காவுக்குப் போவது ஒரு அரசாங்கக் காரியம். புல்வெளியில் அடுப்பு மூட்டலாம், ஆனால் அதற்கென்று கோடு போட்ட இடத்தில்தான். கரி அணைந்ததும் சாம்பலைக் கொட்ட ஒரு தொட்டி, கண்ணாடிக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. குழந்தைகள் விளையாடும் மணலுக்குப் பக்கத்தில் பலகை: இந்த ஊஞ்சலுக்கு இந்த வயதிலிருந்து இந்த வயது வரை. ஒருமுறை ஜெனியைச் சறுக்கு மரத்தில் பிடிக்கப்போய் நானே மாட்டிக்கொண்டபோது, ஒரு ஐந்து வயதுப் பையன் என்னைக் கீழே நின்று பார்த்துவிட்டு அந்தப் பலகையைச் சுட்டிக்காட்டினான். அவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. ஆனால் சட்டம் தெரியும்.

இதையெல்லாம் நான் பழகிக்கொண்டேன். பழக முடியாதது ஒன்றுதான். பக்கத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும்போது நாம் மட்டும் டப்பாவைத் திறந்து சாப்பிடுவது.

எங்கள் பக்கத்தில் அப்படிக் கிடையாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் அரிக்காமல் இருக்கப் பாறையைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதுதான் எங்களுக்குப் பூங்கா, கடற்கரை எல்லாம். கல்லு மேல் போர்வையை விரித்து உட்கார்ந்ததும் முதல் வேலை பக்கத்துப் போர்வைக்கு ஒரு தட்டு அனுப்புவது. அவர்கள் அந்தத் தட்டில் தங்களுடையதை வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். நாலு மாங்காய்த் துண்டாவது இருக்கும். தட்டு காலியாக வந்தால் ஒரே அர்த்தம்தான், அவர்களிடம் இன்றைக்கு வைக்க ஒன்றுமில்லை. அப்போது எதுவும் கேட்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு இன்னொரு தட்டு அனுப்ப வேண்டும்.

போன கோடையில் அந்தப் பூங்காவில் எங்களுக்கு அடுத்த மேசையில் ஜெனியின் வகுப்புத் தோழி லேனாவின் குடும்பம் இருந்தது. நான் கானாங்கெளுத்தியை மிளகாய்த்தூள் போட்டு வறுத்து எடுத்துப் போயிருந்தேன். நாலு துண்டு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேனாவின் அப்பா எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். மிக்க நன்றி, அற்புதமான மணம் என்றார். பத்து நிமிடத்தில் தட்டு திரும்பி வந்தது. பளபளவென்று கழுவி, துடைத்து, காலியாக.

பெரிய கார் வைத்திருக்கிறார்கள், ஆனால் வீட்டில் என்ன கஷ்டமோ என்று நினைத்தேன். மேசையில் வெள்ளரிக்காயும் ரொட்டியும் மட்டும்தான் இருந்தன. மறுபடி நாலு துண்டு கொண்டுபோனேன். "ஓ!" என்றார். மறுபடி தட்டு கழுவி வந்தது. மூன்றாவது முறை போனபோது அவர் எழுந்திருக்கவில்லை. நான் அவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து, தோளில் கை வைத்து, எல்லாம் சரியாகிவிடும் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு வந்தேன்.

லில்லி தடுத்தாள். "போதும், விடுங்க. அவங்க மூஞ்சியே சரியில்ல" என்றாள். கஷ்டத்தில் இருப்பவர்கள் முகம் பின்னே எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

3

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் லேனா ஜெனியிடம் கேட்டிருக்கிறாள்: "உன் அப்பா எங்களை ஏழை என்று நினைக்கிறாரா?" கூடவே, அவர்கள் வீட்டில் எல்லோரும் சைவம் என்பதும் அன்றுதான் வெளியே வந்தது. ஜெர்மன்காரர்களில் சைவம் ஒரு கட்சி மாதிரி வளர்ந்துவருகிறது. அவர்கள் அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். மரியாதை தடுத்துவிட்டது. மரியாதை மொத்தமும் புரூனோவின் வயிற்றுக்குள் போய்விட்டது.

ஜெனி சாயங்காலம் வந்து பையை வைத்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பா, இனிமே நான் உங்களோட பூங்காவுக்கு வர மாட்டன். அடுத்த வருசத்தில இருந்து ஃப்ரெண்ட்ஸோடதான் போவன்."

அவள் தமிழ் அப்படித்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். ராயபுரத்துக்காரன் மகள் யாழ்ப்பாணத்துத் தமிழில் ஜெர்மன்காரர்களின் ஒழுங்கைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பாள். அந்த வாரமே அவளும் சைவமாகிவிட்டாள். வீட்டில் மீன் வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிள்ளைகள் ஒரு வயதுக்கு மேல் அப்பனோடு வெளியே வர மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். நானும் அப்பாவோடு போவதை நிறுத்தியவன்தான். ஆனால் பதினாறு வயதில். எனக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன், பன்னிரண்டு துண்டு மீனில் அது போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த ஆகஸ்டிலேயே ஊருக்குப் போவதாக இருந்தது. என் ஊரில், என் கடலோரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அங்கே நான் கோமாளி இல்லை என்று காட்ட வேண்டும்.

4

முதல் முயற்சி அக்கா ஸ்டெல்லா வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பூங்கா. ராயபுரத்தில் அப்பா கையைப் பிடித்து நான் நடந்த அதே பூங்கா என்று ஜெனியிடம் வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு காலை பத்தரைக்குப் போனோம். பூட்டியிருந்தது.

வாட்ச்மேன் உள்ளே பெஞ்சில் படுத்திருந்தார். அவருக்கு நேர் மேலே பலகை: பெஞ்சில் படுக்கக் கூடாது.

"அண்ணே, கொஞ்சம் திறங்க" என்றேன்.

"பத்து மணிக்கு மூடியாச்சு நைனா. நாலு மணிக்கு வா."

"பகல்ல ஏன் பூட்டுறீங்க?"

"தொறந்து வச்சா ஜனங்க வந்துடறாங்கபா. கலீஜ் ஆயிடுது."

ஜெனி பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பந்து விளையாடக் கூடாது. புல்லில் நடக்கக் கூடாது. உணவு உண்ணக் கூடாது. ஜோடியாக அமரக் கூடாது. படித்து முடித்து என்னைப் பார்த்தாள். "ஜெர்மனியில நாலு விசயம் செய்யக்கூடாது. இங்க எல்லாமே கூடாது. அப்ப இதுக்குள்ள என்னதான் செய்யிறது?"

"படுக்கலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் போவது என்று முடிவானது. அக்கா வீட்டுக்காரர் ஆரோக்கியம் மாமாவிடம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றுவார். ஏழாம் நாள் சொந்தபந்தத்தை ஏற்றுவார். முதல் நாளே பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார். அதனால் மீன் வாடை போகவில்லை, மீனும் பினாயிலும் சேர்ந்த வாடை வந்தது.

பின்னால் பாய் விரித்து அக்கா, லில்லி, நான், ஜெனி, அக்கா மகள் மெர்சி. மெர்சிக்குப் பதின்மூன்று.

"பெல்ட் எங்க?" என்று ஜெனி கேட்டாள்.

"இன்னா பெல்ட்டு? இடுப்புலயா?" என்றாள் அக்கா. "என்னைப் புடிச்சுக்கோ கண்ணு. நான் எங்கயும் போவ மாட்டேன். எழுபது கிலோ கீறேன்."

ஜெனி ஒரு கையால் அத்தையையும் ஒரு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டியவரை நின்றன. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் நிழலில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். "இந்தப் பெட்டியெல்லாம்தான் அப்பா கம்ப்யூட்டர்ல அடுக்குறேன்" என்றேன். இதற்காகவே ஒரு வாரம் காத்திருந்தேன். "அப்ப ஏன் இவ்வளவு லேட் ஆகுது?" என்று கேட்டாள்.

எண்ணூரில் கல்லு மேல் இடம் பிடித்தோம். அக்கா போர்வையை விரித்து நாலு மூலையிலும் நாலு செருப்பை வைத்தாள். எதிரே கடலில் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டிருந்தன. வடக்கே கழிமுகத்தைத் தாண்டி அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். நல்ல காற்று. காற்றில் கொஞ்சம் சாம்பல். போர்வை மேல் விழுந்ததை அக்கா உள்ளங்கையால் தட்டிவிட்டாள், அவ்வளவுதான். அதற்கென்று ஒரு தொட்டி வைத்தால் எண்ணூரையே அதில் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

ஜெனியை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் அரை அடி தள்ளி உட்கார்ந்தாள்.

பக்கத்துப் போர்வையில் வியாசர்பாடியிலிருந்து ஒரு குடும்பம். கணவன், மனைவி, மாமியார், ஜெனி வயதில் ஒரு பெண். அக்கா நெத்திலி வறுவலை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். அந்த அம்மா பெயர் வசந்தா. தட்டை வாங்கிய இரண்டு நிமிடத்தில், அவருடைய நாத்தனாரும் அக்காவும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரே வரிசையில் தைக்கிறவர்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் சம்பந்தமே பேசியிருப்பார்கள்.

தட்டு திரும்பி வந்தது. குவியலாக மாட்டுக்கறி பிரியாணி. வசந்தா அதைக் கிட்டே இருந்த ஜெனியின் கையில் கொடுத்தார்.

இவள் முகத்தைச் சுளித்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்! வேண்டாம் என்று தள்ளினால் அதற்கு இந்தக் கல்லு மேல் வேறு அர்த்தம் வரும். எங்கள் கை பட்டதைத் தின்ன மாட்டார்களா என்று நினைப்பார்கள். தட்டை நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். ஜெனி கொடுக்கவில்லை. எழுந்து, தட்டோடு அவர்கள் போர்வைக்குப் போய் நின்றாள்.

"ஆன்ட்டி, நான் இறைச்சி சாப்பிடுறேல்லை. அப்பா சாப்பிடுவார், அவருக்குக் குடுக்கிறன். நீங்கள் குறை நினைக்காதேங்கோ."

வசந்தா கையைத் தட்டிச் சிரித்தார். "இன்னாம்மா இது, தேவதை கணக்கா பேசுது! அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கண்ணு? மீனு துன்னுவியா?"

"இல்லை."

"முட்ட?"

"இல்லை."

"மெய்யாலுமே? அப்ப இன்னாதான் துன்னுவ? ஒடம்புல சத்தே இல்லாம கீற பாரு. குந்து இப்டி. எங்க மாமியாருக்குன்னு தக்காளி சோறு எடுத்தாந்துகீறேன். அதுவும் உன்ன மாதிரிதான், கறின்னா காத தூரம் ஓடும்."

மாமியார் கிழவி நகர்ந்து இடம் விட்டார். ஜெனி உட்கார்ந்தாள். வசந்தாவின் மகள் யசோதரா அவளுக்கு வேர்க்கடலையை உரித்துக் கொடுத்தாள். மெர்சியும் எழுந்து அந்தப் போர்வைக்குப் போனாள். நான் மடியில் பிரியாணித் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். பிரியாணி மிக நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஒரு மணி நேரம் கழித்து ஜெனி தண்ணீர் குடிக்க வந்தாள். நான் கேட்டேன். "லேனா வீட்டில சைவம்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கேல்லை அப்பா. ஒவ்வொரு முறையும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினீங்க. நான் மூண்டு முறையும் கூப்பிட்டனான்."

கூப்பிட்டிருக்கிறாள். இப்போது யோசித்தால் காதில் விழுந்த ஞாபகம்கூட இருக்கிறது. கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவுகிற அவசரத்தில் மகள் கூப்பிட்டது எனக்கு இடைஞ்சலாக இருந்திருக்கிறது. புரூனோவுக்காக நான் வருந்தவில்லை. இதற்காக வருந்தினேன், அதை அவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். தண்ணீர் பாட்டிலை மூடிவைத்துவிட்டு மறுபடி அந்தப் போர்வைக்கே போய்விட்டாள். நான் எதிர்பார்த்த மாதிரி தோளில் சாயவெல்லாம் இல்லை.

6

கிளம்பும்போது வசந்தா அக்காவிடம் சொன்னார். "வர்ற ஞாயித்துக்கெழம புழல் ஏரிக்கரைக்குப் போறோம். ரெண்டு பொண்ணுங்களையும் இட்டுகினு போறேன். காலைல வந்து கூட்டிக்கறேன், பொழுது சாயறதுக்குள்ள வூட்டாண்ட வுட்டுடறேன். இன்னா சொல்ற?"

அக்கா உடனே தலையாட்டினாள். ஜெனி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். யார் யார் வருகிறார்கள், எந்த வண்டி, ஏரியில் எவ்வளவு ஆழம், தண்ணீர்ப் பக்கம் போவார்களா, பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியுமா, உங்கள் கைபேசி எண், உங்கள் வீட்டுக்காரர் எண், அது கிடைக்காவிட்டால் இன்னொரு எண். ஜெர்மனியில் பள்ளிச் சுற்றுலாவுக்கு இரண்டு பக்கப் படிவம் வரும்போதெல்லாம் இவர்களுக்கு மனுஷன் மேல் நம்பிக்கையே கிடையாதா என்று கிண்டல் செய்வேன். அந்தப் படிவத்தில் இல்லாத கேள்விகளையும் கல்லு மேல் நின்று கேட்டு முடித்தேன்.

ஆரோக்கியம் மாமா வண்டிக் கதவில் சாய்ந்து சிரித்தார். "தோடா! அவங்க ஏரிக்குப் போறாங்க மச்சான், கப்பலுக்கா போறாங்க? சும்மா பேஜாரு பண்ணாத."

"அப்ப நானும் வரேன்" என்றேன்.

ஜெனி என் கையைப் பிடித்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவளாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "அப்பா, ப்ளீஸ். நீங்க வேண்டாம். எங்களை மட்டும்தான் கூப்பிட்டவை."

நண்பர்களோடுதான் போவேன் என்று அவள் சொன்னது ஜெர்மனியில். அது நடந்தது எண்ணூரில், என் கண் முன்னால், என் அக்காவின் சம்மதத்தோடு. எங்கள் கடலோரத்தை அவளுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் செய்த ஏற்பாடு முழு வெற்றி. அதில் நான் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஷேர் ஆட்டோ வந்தது. வசந்தா வந்ததுமே ஒரு டப்பாவைக் காட்டி "உனக்குன்னு தனியா புளி சோறு" என்றார். ஜெனி ஏறி யசோதராவுக்கும் கிழவிக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பெல்ட் எங்கே என்று கேட்கவில்லை. நான் குனிந்து, வெயிலுக்குத் தொப்பி, தண்ணீர் ஓரம் போகாதே, போன் எடு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. மெர்சி கையாட்டினாள். ஜெனி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

தெருமுனையில் ஆட்டோ மறைந்த பிறகும் நான் உள்ளே போகவில்லை. லில்லி காபிக்குக் கூப்பிட்டாள். அக்கா வாசலுக்கு வந்தாள்.

"எத்தனை மணிக்கு வருவாங்கன்னு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இத்தோட மூணு தபா சொல்லிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள." அக்கா என் முகத்தைக் குனிந்து பார்த்தாள். "இதுக்கு எதுக்குடா அழுவற?"

அழவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். அப்போது காலை மணி ஒன்பதுகூட ஆகவில்லை.